ஒன்றும் வராத மத்தியானம்

என் ஐஸ் உருகி வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் நான் காற்றைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஊருக்கு உபகாரம் செய்யப் பிறந்த ஆள் நான் இல்லை. திரேஸ்புரத்தில் கடற்கரைக்கு இறங்குகிற தெருவில் எனக்கு ஐஸ் கடை. ஃபேக்டரியிலிருந்து பார் பாராக எடுத்து வந்து, மெஷினில் உடைத்து, வள்ளங்களுக்கும் மீன் வியாபாரிகளுக்கும் கொடுப்பது தொழில். காற்று ஏறினால் வள்ளம் போகாது. வள்ளம் போகாவிட்டால் நான் எடுத்து வைத்த ஐஸ் தண்ணீராகித் தெருவில் ஓடும். எதிர்வீட்டுக்காரர் அதில் நிதானமாகக் கால் கழுவுவார். இதையெல்லாம் பார்த்துப் பார்த்து வயிறெரிந்த பிறகுதான், காற்று எப்போது மாறும் என்று நாலு பேரிடம் விசாரிக்கப் பழகினேன்.

எங்களுடையது கடல்காரக் குடும்பம் இல்லை. பனங்காட்டுப் பக்கமிருந்து வியாபாரத்துக்காகத் தூத்துக்குடிக்கு வந்தவர்கள். எனக்கு நீச்சல்கூடத் தெரியாது. ஆனால் காற்று விஷயத்தில் எனக்கு ஒரு வசதி இருந்தது. என் மனைவியின் தம்பிக்கு வேம்பாரில் உப்பளம். வாடைக்காற்று வடக்கேயிருந்து கரையோரமாக இறங்கி வரும். வேம்பாரைத் தொட்ட பிறகுதான் எங்களைத் தொடும். அங்கே உப்புக் குவியல்மேல் போட்ட தார்ப்பாய் படபடவென்று அடித்தால் மச்சான் எனக்குப் போன் செய்வான். சாயங்காலத்துக்குள் இங்கே கடல் புரளும். மீன்வளத் துறை அறிவிப்பு வருவது உண்டுதான். அது முழுக் கடலுக்கும் சேர்த்து வரும், பல நாளைக்கு ஒரே மாதிரி இருக்கும், கேட்டுக் கேட்டுக் காது மரத்துப் போகும். நான் சொல்வது எங்கள் கரைக்கு மட்டும், அன்றைக்கு மட்டும்.

முதலில் நாலு பேர் கேட்டார்கள். பிறகு கரை முழுக்கக் கேட்டது. ஒவ்வொருவனுக்கும் போனில் பதில் சொல்லித் தொண்டை வறண்டு, வீட்டில் சோறு கேட்கக்கூடக் குரல் எழும்பாமல் போனபோது, என் மனைவிதான் போனில் ஒரு செயலியில் என் பேருக்கு ஒரு பக்கம் ஆரம்பித்துக் கொடுத்தாள். அங்கே ஒரு தடவை போட்டால் எல்லோருக்கும் போய்விடும், இனி மனுசனைப் போல வீட்டில் இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றாள். நல்ல யோசனையாகத்தான் இருந்தது. திரேஸ்புரத்தில் அந்தச் செயலி இல்லாத வீடு கிடையாது. கொஞ்ச நாளில் யாரும் எனக்குப் போன் செய்யவில்லை. பக்கத்தைப் பார்த்தார்கள், போனார்கள், அல்லது போகவில்லை.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் கரையில் கெட்டதை மட்டும்தான் வாய்விட்டுச் சொல்வார்கள். சிவப்புக் கொடி ஏறினால் போகக்கூடாது. கொடி இல்லாவிட்டால் போகலாம். ‘இன்றைக்குக் கடல் நன்றாக இருக்கிறது’ என்று எவனும் சொல்ல மாட்டான். சொன்னால் கண்பட்டுவிடும். புதிதில் நான் தெரியாத்தனமாக, ‘கடல் அமைதி, தாராளமாகப் போகலாம்’ என்று ஒருநாள் போட்டுவிட்டேன். மறுநாள் கடைமுன் ஒரு கூட்டமே நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நான் என்னவோ அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக் கொழுகொழுவென்று இருக்கிறது என்று சொல்லிவிட்ட மாதிரி கத்தினார்கள். அதோடு நிறுத்திக்கொண்டேன். கெட்ட காற்று வந்தால் மட்டும் போடுவேன். ஒன்றும் போடாவிட்டால் நல்ல காற்று என்று அர்த்தம். அதை யாரும் எழுதி வைக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

என் பக்கத்துக்கு ஒழுங்கான வாசகி என்று ஒருத்தியைச் சொல்வதென்றால், அது என் கூட்டாளியின் மனைவிதான். கூட்டாளி என்றால் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன். சொந்தமாக ஒரு வள்ளம், கூட மூன்று பேர். என் கடையில் ஐஸ் எடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து என்னைக் கிண்டல் செய்யாமல் ஒருநாள் போனதில்லை. “நீச்சல் தெரியாத ஆளு நமக்குக் காத்து சொல்லுதாரு. காலம் கெட்டுப் போச்சுல்லா” என்பான். நானும் விடமாட்டேன். உன்னைப் போன்றவன் மூழ்கினால் எனக்கு ஐஸ் பெட்டிதான் நஷ்டம் என்பேன். அப்படிச் சொன்ன நாக்கு இது.

அவனிடம் பட்டன் போன்தான். பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருப்பான். கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனால் அதுவும் செத்துப்போகும். பெரிய போன் அவன் மனைவியிடம். ஏலக் கூடத்தில் மீன் எடுத்து விற்கிறவள், கெட்டிக்காரி, வாய்க்காரி. கண்ணாடி கீறல் விழுந்த அந்தப் போனை இடுப்புச் சுருக்குப் பையில் வைத்திருப்பாள். மத்தியானம் இரண்டு மணிவாக்கில் வள்ளம் இறக்குவார்கள். ராத்திரி வலை போட்டுக் கிடந்துவிட்டு மறுநாள் காலை ஏலத்துக்கு வருவார்கள். இறக்குவதற்கு முன் அவள் கரைக்கு வந்து, சேலைத் தலைப்பால் வெயிலை மறைத்துக்கொண்டு போனைப் பார்ப்பாள். ‘ஒண்ணும் வரல’ என்பாள். அவன் சிலுவைக் குறி போட்டுவிட்டு வள்ளத்தைத் தள்ளுவான். அந்தப் போனில் தெரிகிற எழுத்தை அவன் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. அவள் சொன்னால் போதும்.

தேர்தல் வந்தது. வார்டுத் தேர்தல்தான், ஆனால் அந்த ஆட்டத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. எங்கள் கரையில் அலை அரிப்பைத் தடுக்க ஒரு தூண்டில் வளைவு கட்டித் தருவதாகச் சொல்லி, கடலுக்குள் கொஞ்ச தூரம் கல்லைக் கொட்டிவிட்டு அப்படியே விட்டிருந்தார்கள். முந்தின தேர்தலில் அதற்குத் தேங்காய் உடைத்த அதே ஆள் இப்போதும் நின்றார். ஒருநாள் காலை அந்தக் கல்லின் உச்சியில் ஒரு வெள்ளாடு ஏறி நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. படம் எடுத்து, ‘போன தேர்தலுக்குப் போட்ட கல். இந்தத் தேர்தலுக்கு ஆடு ஏறியிருக்கிறது. அடுத்த தேர்தலுக்கு யார் ஏறப் போகிறார்களோ!’ என்று பக்கத்தில் போட்டேன். அரசியல் பேச வேண்டும் என்று போட்டதில்லை. கடுப்பு. அவ்வளவுதான்.

அது பரவிய வேகத்தில் எனக்கே தலை சுற்றியது. துபாயிலிருந்து எவனோ போன் செய்து அண்ணாச்சி கலக்கிட்டிய என்றான். டீக்கடையில் எனக்கு முன்னால் நின்றவன், அது நான்தான் என்று தெரியாமல் என்னிடமே அதைக் காட்டிச் சிரித்தான். பெருமை பிடிபடவில்லை. என் மனைவி மட்டும், ஐஸ் விற்கிறவர் ஐஸை விற்றால் போதாதா என்று முணுமுணுத்தாள்.

இரண்டொரு நாள் கழித்து அந்த வேட்பாளரின் ஆள் ஒருவர் கடைக்கு வந்தார். பழைய பழக்கம்தான். கட்சிக் கூட்டங்களுக்கு என்னிடம்தான் ஐஸ் எடுப்பார். கோபமாகப் பேசியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வெயில் தாங்கவில்லை என்று ஒரு ஐஸ் துண்டை எடுத்துக் கழுத்தில் தேய்த்துக்கொண்டார். இப்போதெல்லாம் போஸ்டர் ஒட்டுவது, மைக் கட்டுவது எல்லாம் பழைய கதை என்றார். சென்னையில் ஒரு மாடி முழுக்கப் பையன்கள் உட்கார்ந்து இதைத்தான் பார்க்கிறார்களாம். எந்தத் தெருவில் யாருக்கு எதைக் காட்டுவது என்று செயலிக் கம்பெனிக்கே பணம் கட்டிச் சொல்லிவிடலாமாம். எதை ஏற்றுவது, எதை இறக்குவது என்றெல்லாம் அவர்களுக்கு அத்துப்படியாம். நான், அப்படியானால் என் ஆட்டையும் கொஞ்சம் இறக்கிவிடச் சொல்லுங்கள், இரண்டு நாளாகப் பாவம் மேலேயே நிற்கிறது என்றேன். அவரும் சிரித்தார். எழுந்து போகும்போது தோளைத் தட்டி ஒன்று சொன்னார்.

“அண்ணாச்சி, நீங்க காத்தை மட்டும் பாருங்க.”

அதற்குப் பிறகு என் பக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படித்தான் நினைத்தேன். யாரும் மூடவில்லை, எந்தப் பதிவையும் அழிக்கவில்லை, எச்சரிக்கை என்று ஒரு வரி வரவில்லை. என் போனில் திறந்தால் என் பதிவு எப்போதும் போல மேலே நின்றது. இடையில் ஒருநாள் லேசாக வாடை தூக்கியது. போட்டேன். வழக்கமாகப் போட்டதும் நாலு பேராவது சண்டைக்கு வருவார்கள். ‘எங்கேவேய் காத்து, இலைகூட அசையல’ என்று எவனாவது எழுதுவான். அன்றைக்கு ஒருவனும் எழுதவில்லை. எனக்கு மனசுக்குள் ஒரு திருப்தி. நாம் சொன்னால் இப்போது மறுபேச்சு இல்லை, ஊர் நம்மை மதிக்கப் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். குறை வராவிட்டால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கடற்கரைக்காரர்களின் அதே கணக்கைத்தான் நானும் போட்டிருக்கிறேன்.

அந்த நாள் மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. வாடை ஓய்ந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருந்த சமயம். என் மனைவியின் அக்காளைக் கொற்கைப் பக்கம் வயல்கார வீட்டில் கொடுத்திருக்கிறது. அங்கே பேரப்பிள்ளைக்குக் காதுகுத்து. காலையிலேயே கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு இரண்டு பேரும் பஸ் ஏறினோம். கிளம்பும்போது கூட்டாளி கடைக்கு வந்து ஐஸ் சொல்லிவிட்டுப் போனான். விருந்துச் சாப்பாடு முடிந்து வயிற்றைத் தூக்கிக்கொண்டு வாரும், அந்த வள்ளம் கரை தட்டாமப் பாத்துக்கிடும் என்றான். அதுதான் அவன் என்னிடம் கடைசியாகச் சொன்னது. நான் பதிலுக்கு என்ன சொன்னேன் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

காதுகுத்து முடிந்து பந்தி போட்டிருந்தார்கள். இலையில் சோறு விழுந்த நேரம் மச்சான் வேம்பாரிலிருந்து போன் செய்தான். “அத்தான், தார்ப்பாயி எல்லாம் பிய்ச்சிட்டுப் போவுது. இந்த மாசத்துல இப்படி ஒரு வாடையை நான் பாத்ததில்ல” என்றான். அவன் குரலைவிடக் காற்றின் இரைச்சல்தான் அதிகம் கேட்டது. நான் எச்சில் கையோடு எழுந்து, இடது கையால் எழுத்துக் கூட்டி அடித்துப் போட்டேன். ‘மத்தியானத்துக்கு மேல் கடுமையான வாடை ஏறும். இன்றைக்கு யாரும் போகாதீங்க.’ போய்விட்டது என்று காட்டியது. பக்கத்தில் திறந்து பார்த்தேன். மேலே நின்றது. மணி பன்னிரண்டரை. வள்ளம் இறங்க இன்னும் நேரம் இருந்தது. திரும்ப வந்து உட்கார்ந்து சாப்பிட்டேன். பாயசம் இரண்டாம் தடவை வாங்கியதுகூட ஞாபகம் இருக்கிறது.

நாலரை மணிக்கு அந்த ஊரிலேயே வாழை இலைகள் கிழிய ஆரம்பித்தன. பந்தல் துணி பறந்து போய் வயலில் விழுந்தது. எல்லோரும் அதைப் பிடிக்க ஓடினார்கள். நான் மட்டும் என் வாக்கு பலித்த கர்வத்தில், பார்த்தியா, மத்தியானமே போட்டுவிட்டேன் என்று சகலையிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். எவ்வளவு பெரிய வாய்.

பஸ் விட்டு இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. திரேஸ்புரம் கரையில் அவ்வளவு கூட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை. இந்தக் காற்றில் இவர்கள் ஏன் இங்கே நிற்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு கரையைப் பார்த்தேன். வள்ளங்கள் கட்டிக் கிடக்க வேண்டிய இடம் பாதி காலியாக இருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவரிடம், ஏன் போனார்கள், நான் போட்டேனே என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

வானத்தைப் பார்த்துப் பாதியில் திரும்பிய வள்ளங்கள் ஒவ்வொன்றாக வந்தன. விடியும்போது ஒன்றுதான் பாக்கி. அன்று காலை ஏலக் கூடம் நடக்கவில்லை. பத்து மணிக்குமேல் துறைமுகத்து இழுவைக் கப்பல் ஒன்று மூன்று பேரைக் கொண்டு வந்து சேர்த்தது. வலை இழுக்கும்போது பக்கவாட்டில் அலை அடித்து வள்ளம் கவிழ்ந்திருக்கிறது. என் கடை ஐஸ் போட்டு வைத்திருந்த பெட்டியை மூன்று பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். நாலாவது ஆளுக்கு அதில் இடம் போதவில்லையா, அவனே விட்டுவிட்டானா என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. நாலாவது ஆள் என் கூட்டாளி. கடலோரக் காவல் படகும் ஊர் வள்ளங்களும் நாள்கணக்கில் தேடின. அவன் கிடைக்கவே இல்லை.

மூன்றாம் நாள்தான் அவன் வீட்டுக்குள் போக எனக்குத் தைரியம் வந்தது. அவன் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுகை எல்லாம் முடிந்து முகம் காய்ந்து கிடந்தது. என்னைப் பார்த்ததும் சத்தம் போடாமல் கேட்டாள்.

“ஏன் அண்ணாச்சி ஒண்ணும் போடல?”

போட்டேனே தாயே என்று என் போனை எடுத்து நீட்டினேன். மேலேயே நின்றது, பன்னிரண்டரை மணியோடு. அவள் அதை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு சுருக்குப் பையிலிருந்து தன் போனை எடுத்து அதே பக்கத்தைத் தேடித் திறந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தரையில் வைத்தாள். ஒரே செயலி, ஒரே பக்கம், அதே என் படம். அவளுடைய போனில் கடைசியாக நின்றது வெள்ளாடு. அதற்குமேல் நான் போட்ட எதுவும் இல்லை. உட்கார்ந்திருந்த பெண்கள் தங்கள் போன்களை எடுத்துப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் ஆடு, ஆடு, ஆடு. அத்தனை நாளாக நான் எனக்கே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அது எனக்கே தெரியவராதபடி எவரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அன்றைக்கு மத்தியானம் வழக்கம் போலக் கரையில் நின்று பார்த்ததாக அவள் சொன்னாள். காற்றில் ஏதோ ஒரு வாசனை பிடிக்காமல், ஒரு தடவைக்கு இரண்டு தடவை தேடியிருக்கிறாள். திரையை விரலால் தள்ளத் தள்ள அந்த வேட்பாளர்தான் வந்தாராம். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் கரையிலேயே நின்று கும்பிடுகிற வீடியோ. மறுபடி தள்ளினால் மறுபடி அவர். கடைசியில் போனை மூடி வைத்துவிட்டு, புருசனிடம் ‘ஒண்ணும் வரல’ என்று சொல்லியிருக்கிறாள். அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து என் மனைவி அந்தச் செயலியின் உள்ளறைகளையெல்லாம் தோண்டினாள். எங்கேயோ ஒரு மூலையில், யாரும் போகாத இடத்தில், ஒரு வரி கிடந்தது. என் பக்கம் சமூக, அரசியல் விஷயங்களைப் பகிர்வதால் மற்றவர்களுக்குக் காட்டப்படுவது குறைக்கப்பட்டிருக்கலாம். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. வாடைக்காற்று என்ன கட்சியில் சேர்ந்திருக்கிறது? அந்த ஆட்டுக்கு வோட்டு இருக்கிறதா? ஒரு படத்துக்காக மொத்தப் பக்கத்தையும் அரசியல் என்று ஒரு பெட்டியில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். காசு கட்டிய அரசியல் மட்டும் ஊர் முழுக்கக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறது. அதற்கு ஒரு பெட்டியும் இல்லை.

முறையிடலாம் என்று ஒரு பொத்தான் இருந்தது. ஒரு மனிதன் கடலில் போய்விட்டான் என்று எழுதினோம். உங்கள் கருத்துக்கு நன்றி, உங்கள் அனுபவத்தை மேம்படுத்த இது உதவும் என்று அந்த நிமிஷமே பதில் வந்தது. அதைப் படித்தவர் எவரும் இல்லை என்பது அந்த வேகத்திலேயே தெரிந்தது. சரி, வேறு செயலிக்குப் போவோம் என்று பார்த்தால், ஊரில் எல்லோரும் வைத்திருக்கிற மூன்று செயலிக்கும் முதலாளி ஒரே கம்பெனி. மூன்று கடை, ஒரே கல்லாப்பெட்டி. மற்ற இரண்டிலும் நான் போட்டது யாருக்குப் போகிறது, யாருக்குப் போகவில்லை என்று தெரிந்துகொள்ள வழியில்லை. சென்னை மாடிப் பையன்கள் புகார் கொடுத்துச் செய்தார்களா, கம்பெனியின் மெஷின் தானாகவே செய்ததா, எங்கேயோ வெளிநாட்டில் ஒரு அறையில் நாலு பேர் உட்கார்ந்து இனிமேல் இப்படித்தான் என்று முடிவு செய்ததில் நாங்களும் அகப்பட்டோமா? இன்றுவரை எனக்குத் தெரியாது. எவனாவது வந்து நான்தான் செய்தேன் என்று சொன்னால்கூட மனசு ஆறியிருக்கும். சட்டையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டுமே.

ஏழாம் நாள் வேட்பாளர் துக்கம் விசாரிக்க வந்தார். கூடவே கேமராவும் வந்தது. அவள் தலையில் கை வைத்து ஆறுதல் சொன்னார். அந்த வீடியோ சாயங்காலத்துக்குள் எல்லோருடைய போனுக்கும் வந்துவிட்டது. எனக்கு வந்தது, என் மனைவிக்கு வந்தது, வேம்பாரில் மச்சானுக்கு வந்தது. அவளுக்கும் வந்தது. தன் வீட்டையும் தன் முகத்தையும் அவள் அதில் பார்த்திருக்கிறாள்.

மறுநாள், முன்பு வந்த அந்த வேட்பாளரின் ஆள் மறுபடி கடைக்கு வந்தார். அதே ஸ்டூல், கழுத்தில் தேய்க்க அதே மாதிரி ஒரு ஐஸ் துண்டு. நடந்தது ரொம்ப வருத்தம் என்றார். உண்மையிலேயே வருத்தமாகத்தான் இருந்தார், அதில் பொய் இல்லை. பிறகு, மேலே சொல்லி என் பக்கத்தைச் சரிசெய்து தரலாம், தலைவர் துக்கத்துக்கு வந்ததற்கு நன்றி என்று ஒரு வரி மட்டும் போட்டால் போதும் என்றார். அவரால் முடியுமா, சும்மா சொல்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. முடியும் என்றால் அது ஒரு பயம். முடியாது என்றால் அதைவிடப் பெரிய பயம். நாளைக்கும் காற்று ஏறும், நாளைக்கும் எவனோ போவான் என்று தோன்றியது. அப்புறம் அவர் கையிலிருந்த ஐஸ் துண்டை வாங்கித் தெருவில் எறிந்தேன். எழுந்து போய்விடுங்கள் என்றேன். போய்விட்டார்.

அன்றிலிருந்து மத்தியானம் ஒன்றரை மணிக்கு நான் கடையை விட்டு இறங்கிக் கரையோரமாக நடக்கிறேன். காற்று நன்றாக இருந்தாலும், கெட்டுப்போனாலும், வள்ளம் வள்ளமாக வாயால் சொல்கிறேன். நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லும்போது சில கிழடுகள் இன்னும் முகத்தைச் சுளிக்கிறார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும். பேசாமல் இருப்பதற்கு என்ன அர்த்தம் என்று இனிமேல் யாரும் ஊகிக்க வேண்டாம். ஆனால் எனக்கு இரண்டு கால்தான். கரை நீளம். மறுமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் சிலர் இறங்கிவிடுகிறார்கள். அவர்கள் போகும்போது கையில் போனைப் பார்த்துக்கொண்டே போவது எனக்குத் தெரிகிறது.

தேர்தல் முடிந்தது. அவர்தான் ஜெயித்தார். வெடி போட்டார்கள்.

முப்பதாம் நாள் பூசை வைத்திருந்தாள். உடல் கிடைக்காததால், சாமியார் ஜெபம் சொல்லி மந்திரிக்கக் கல்லறை என்று ஒன்று இல்லை. கோயிலில் பூசை முடித்து எல்லோரும் அவள் வீட்டுக்கு வந்தோம். சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்து, நானும் என் மனைவியும் மட்டும் இருந்தோம். நல்ல வெயில். கடல் அசைவில்லாமல் கிடந்தது. அவள் பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். இடுப்புப் பையில் போன் மணி மாதிரி ஒரு சத்தம் போட்டது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்தாள். பழக்கதோஷத்தில் தலைப்பை இழுத்துக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டாள். வீட்டுக்குள்தான் நின்றாள், வெயில் ஒன்றும் படவில்லை.

நீங்கள் தவறவிட்டிருக்கலாம் என்று மேலே போட்டிருந்தது. அதற்குக் கீழே என் பக்கம், என் படம். வெள்ளாட்டுக்குப் பிறகு நான் போட்டதெல்லாம் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இறங்கி வந்திருந்தது. பூட்டினபோது யாரும் சொல்லவில்லை. திறந்தபோதும் யாரும் சொல்லவில்லை. அவள் உதட்டை அசைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“மத்தியானத்துக்கு மேல் கடுமையான வாடை ஏறும். இன்றைக்கு யாரும் போகாதீங்க.”

படித்துவிட்டு வாசல் பக்கம் திரும்பினாள். அவன் வழக்கமாக நிற்கிற பக்கம். பிறகு என்னைப் பார்த்தாள்.

“வந்துட்டு அண்ணாச்சி” என்றாள். “நான் இப்ப இதை யாருகிட்ட சொல்ல?”